கடலுக்குப் போன தண்ணீர்

அன்னூர்க் குளத்துக் கரையில் ஒரு சாயங்காலம் தூண்டில் வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். ஒன்பது அடிக் குச்சி, அதிலிருந்து நீளும் தடித்த பச்சை நூல். நூலைப் பின்னால் வீசி, அது முழுக்க விரியும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். கொக்கி கட்டவில்லை, வீச்சு மட்டும்தான் பழக்கம். எருமையை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏந் தம்பி, தண்ணிய எதுக்குச் சாட்டையில அடிக்கறே?"

மீன் பிடிக்கத்தானுங்க என்றேன். நூலைக் கையில் வாங்கி, அடியிலிருந்து நுனிவரை விரலால் உருவிப் பார்த்தார். "இது சாட்டையேதான். அடி கனம், நுனி சன்னம். அப்பத்தான் கைவேகம் நுனிக்கு ஓடும்" என்றார்.

இயற்பியல் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஆகும். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையோ கனமாக இருக்கும். வீசினால் அது பறந்து போய், தங்கூசி நரம்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங் என்று வெளிநாட்டார் சொல்லும் இந்த இறகுத் தூண்டிலில் இரைக்குக் கனமே கிடையாது. இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய பொய் இரை அது, ஊதினால் பறந்துவிடும். அதை அறுபது அடிக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டுமென்றால், கனம் நூலிலேயே இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் பரவலாகப் பயன்படும் எட்டாம் எண் நூலின் முதல் முப்பது அடி, ஏறத்தாழ 13.6 கிராம் எடை. குச்சியைச் சட்டென்று நிறுத்தியதும் நூல் காற்றில் வளைந்து ஒரு கொண்டை ஊசிபோல ஓடுகிறது. வளைவின் மேல்பாதி ஓடுகிறது, கீழ்ப்பாதி நிற்கிறது. ஓடும் பகுதி நொடிக்கு நொடி குறைந்துகொண்டே வர, கையிலிருந்து போன ஆற்றல் மேலும் மேலும் சிறிய நூலுக்குள் ஒடுங்குகிறது. காற்றின் தடை ஒருபுறம் தின்றாலும், கடைசி முழம் நூல் நேராக நிமிர்ந்து, இறகைத் தண்ணீரின் மேல் சத்தமில்லாமல் இறக்கிவிடும். மாட்டுக்காரர் சாட்டை சொடுக்கும்போது நடப்பதும் இதுவே. ஆயுள் முழுக்கச் சாட்டை பிடித்த கை, அதைத் தொட்டதும் கண்டுகொண்டது.

இறகு என்றேன். அதிலும் நம் மலைக்கு ஒரு பங்கு உண்டு. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் பிடரி இறகில் வெண்மையும் மஞ்சளுமாய் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் அவை சிறு மீனின் கண்போலத் தெரியும் என்பதால் ஐரோப்பாவின் சால்மன் தூண்டில்காரர்கள் ஒரு காலத்தில் அந்த இறகுக்காக அலைந்தார்கள். அந்தச் சேவல் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் பறவை. அத்திக்கடவுப் பக்கம் விடியலில் அதன் கூவலைக் கேட்டிருப்பீர்கள். பிடரித் தோலோடு உரித்துக் கப்பலேற்றப்பட்ட காலம் போய், இன்று 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. என் தூண்டிலில் இருப்பது நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. வீட்டுக் கோழி உதிர்த்ததைப் பொறுக்கி, இறால் வடிவத்தில் நானே கட்டியது.

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற தூண்டில் நூலை எழுதினார். பிறகு 1887-இல் குளத்து மீன்களுக்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று இன்னொன்றும் எழுதினார். கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு கோத்துப் பழகிய எனக்கு, குளத்துக்கென்று தனிப்புத்தகம் போட்ட ஒருவர் நூறு ஆண்டுக்கும் முன்பே இருந்தார் என்பது பெரிய ஆறுதல். ஆனால் இறகுத் தூண்டில் வீசப் படித்த பிறகு என் மனம் குளத்தில் நிற்கவில்லை. குளத்துத் தண்ணீர் போகும் வழியே போய், அது முடியும் இடத்தில் வீசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அன்னூர் கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ள மேட்டுப் பூமி. ஒருபுறம் பவானி, மறுபுறம் நொய்யல். இரண்டும் எட்டாத தூரத்தில் ஓடும். ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். பள்ளத்தில் ஓடிய தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்தாலும் முடிவில் காவிரிதான். பவானி கூடுதுறையில் சேரும். நொய்யல் கரூர்ப் பக்கம் போய்ச் சேரும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கும். கொள்ளிடம் பழையாற்றுக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. அதற்கு வடக்கே, கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் பிச்சாவரம் அலையாத்திக்காடு. தில்லை மரம் அங்கே இன்றும் நிற்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வரக் காரணமான மரம் உப்புச் சேற்றில் வளர்வது என்பதை அங்கே போய்த்தான் கண்ணால் பார்த்தேன்.

முகத்துவாரத்தில் வீசப் பருவமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இறகுத் தூண்டில்காரர்கள் திருவிழாவாக எண்ணுகிறார்கள். தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கழிமுகங்களில் வளர்ந்த சின்ன மீன்கள் கூட்டமாகக் கடலுக்கு இறங்கித் தெற்கே நகரும். உடம்பில் வரியோடிய பெரிய மீன்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை வந்துவிடும். அங்கே இலை உதிர்கிறது, இங்கே உதிர்வதில்லை. அந்தப் பருவம் நமக்குக் கூதிர். மழை பிடித்து நிற்கும் ஐப்பசியும் கார்த்திகையும். அங்கே மீனை நகர்த்துவது குளிர். இங்கே நகர்த்துவது உப்பு.

உப்பை நாக்கால் அளந்து பார்த்தேன். கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆள் ஆழம் இருக்கும் ஓடையில் படகை நிறுத்தச் சொன்னேன். மேலே ஓடும் கலங்கல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்தால் ஏறத்தாழ ஆற்றுத் தண்ணீர். பிறகு ஒரு காலி பாட்டிலின் வாயைத் தக்கையால் அடைத்து, கயிறும் கல்லும் கட்டி, தரைவரை இறக்கித் தக்கையைச் சுண்டி எடுத்தோம். மேலே வந்த தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரே இடம், ஆறடிக்குள் இரண்டு தண்ணீர்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். அதனால் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிலோ என்றால், அதே அளவு கடல்நீர் சுமார் 1,025 கிலோ. இந்த இருபத்தைந்து கிலோ வித்தியாசம் போதும். வெள்ளம் மேலே வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. கடல் அடியில் ஆப்புபோல உள்ளே நுழைகிறது. கடல் ஏறும் ஏத்தம் வந்தால் ஆப்பு உள்ளே தள்ளும், கடல் வடியும் வத்தம் வந்தால் பின்வாங்கும். சோழமண்டலக் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் தரை தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணீர் மணல் திட்டாவதற்கு அது தாராளம்.

வெள்ளம் கூடிக் கழிமுகத்தில் உப்பு குறைந்ததும், கோடை முழுக்க அலையாத்தி வேர்களுக்குள் வளர்ந்த வெள்ளை இறால்கள் கடலுக்குக் கிளம்புகின்றன. முட்டையிடக் கடல்தான் அவற்றுக்கு இடம். வத்தத்தில் ஓடும் தண்ணீரோடு அவை முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். அந்த வாசலில் கொடுவா காத்திருக்கிறது.

கொடுவாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது. நீண்ட வெள்ளி உடம்பு, நெற்றியில் ஒரு பள்ளம், வெளிச்சம் பட்டால் பொன்னாக மின்னும் கண். கண்ணின் பின்சுவரில் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையைத் தாண்டிப் போன ஒளியை அது திருப்பி அனுப்பும். மங்கலில் இரண்டாம் முறையும் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. பூனைக்கும் மாட்டுக்கும் இருப்பது போலத்தான். அதைவிட வியப்பு அதன் செவுள். கடலில் இருக்கும்போது மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, வெளியே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் கடல் மீன் கடல்நீரையே குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியே இறைக்கிறது, சிறுநீர் கொஞ்சமே. நல்ல தண்ணீருக்குள் வந்ததும் எல்லாம் தலைகீழ். இப்போது தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். குடிப்பதை நிறுத்தி, நீர்த்த சிறுநீரை நிறையக் கழித்து, தண்ணீரில் இருக்கும் சொற்ப உப்பைச் செவுளால் உள்ளே இழுக்க வேண்டும். ஏற்றுமதி செய்த அதே செவுள், செல்களை மாற்றியமைத்துக்கொண்டு இறக்குமதி செய்கிறது. பெரும்பாலான மீன்கள் இதில் ஒன்றைத்தான் செய்யும், மற்றதில் செத்துவிடும். இரண்டையும் செய்யத் தெரிந்ததால்தான் கொடுவாவுக்கு வாசலில் நிற்கும் உரிமை கிடைத்தது.

என்னை அழைத்துப் போனவர் வீச்சுவலைக்காரர். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாத இடத்தில் வீசுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். முகத்துவாரத்துக்கு உள்புறம் மணல் திட்டில் இறங்கினோம். வாடைக்காற்று முகத்தில் அடித்தது. "வத்தம் பாதி ஆகட்டும் தம்பி. கலங்கலும் தெளிவும் ஒட்டுற இடத்துல பாருங்க" என்றார். பார்த்தேன். செம்மண் நிறமாக ஒரு தண்ணீர், பச்சையாக ஒரு தண்ணீர். நடுவில் கோடு கிழித்ததுபோல நுரையும் சருகும் மிதந்து வந்தன. சிறு உயிர்கள் அந்தக் கோட்டில் ஒதுங்கும் என்பதும், பெரிய மீன் கலங்கலுக்குள் மறைந்து தெளிவைப் பார்த்து நிற்கும் என்பதும் அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

ஆழமில்லாத தண்ணீரில் மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிற்பது என்று தெரியும். தண்ணீருக்குள் இருந்து அண்ணாந்து பார்க்கும் கண்ணுக்கு, வானம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டச் சன்னலுக்குள் சுருங்கிவிடும். ஒளி தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால் வரும் விளைவு. அந்தக் கூம்பின் விரிவு சுமார் 97 பாகை. மீன் எவ்வளவு ஆழத்தில் நின்றாலும் இது மாறாது. இரண்டடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குச் சன்னலின் குறுக்களவு நாலரை அடிதான். சன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடி. தரையில் இருக்கும் மணலும் சேறும் அதில் தலைகீழாகத் தெரியும். தூரத்தில் நிற்கும் மனிதன் சன்னலின் விளிம்பில் நசுங்கி, மங்கிப்போன ஒரு கீற்று. அறுபதடி தள்ளி நின்றால் ஆறடி ஆள் தண்ணீர்ப் பரப்பிலிருந்து ஆறு பாகை உயரம்கூட வருவதில்லை. குனிந்தால் இன்னும் நல்லது. குளத்தங்கரையில் கொக்கு ஏன் கழுத்தை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது என்று அப்போது விளங்கியது.

என் பக்கத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும். தெறித்த ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக இருக்கும் என்பதால், அதை மட்டும் தடுக்கும் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் மணலில் மடவைக் கூட்டத்தின் நிழல்கூடத் தெரியும். வலைக்காரர் கண்ணாடி இல்லாமலே என்னைவிட முன்னால் பார்த்தார்.

கலங்கலில் கண்ணுக்கு வேலை பாதிதான். மீனின் விலாவில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோட்டில் நுண்ணிய மயிர்ச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் ஓர் இறால் பின்னோக்கி உதைத்தால் எழும் தண்ணீரின் தள்ளலை அவை உணரும். அதனால் கலங்கலுக்கு நான் கட்டிய இறகு தலைப்பக்கம் கொழுத்து இருக்கும், இழுக்கும்போது தண்ணீரைத் தள்ள. நிறமும் கறுப்பு. கீழிருந்து வெளிச்சமான பரப்பைப் பார்க்கும் கண்ணுக்கு வெள்ளையைவிடக் கறுப்பு உருவம் எடுப்பாகத் தெரியும்.

வலையில் விழுந்த உயிருள்ள இறால் ஒன்றை உள்ளங்கைத் தண்ணீரில் விட்டு, பக்கத்தில் என் இறகை வைத்துப் பார்த்தேன். உருவத்தில் ஒற்றுமை சொற்பம். ஆனால் நூலை இரண்டு விரற்கடை இழுத்து நிறுத்தியதும் சேவல் இறகு மடங்கி விரிந்தது. இறாலின் கால்களும் அதே தாளத்தில் மடங்கி விரிந்தன. மீன் ஏமாறுவது உருவத்தில் அல்ல, அசைவில்.

மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. வத்தம் வேகம் பிடித்த பிறகு, கோட்டுக்கு இந்தப் பக்கம் 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொடுவா கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயும் செவுள் மூடியும் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய, உள்ளே அழுத்தம் சட்டெனக் குறைந்து, முன்னால் இருக்கும் தண்ணீரும் அதிலிருக்கும் எதுவும் உள்ளே பாயும். பரப்புக்குப் பக்கத்தில் உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால் அந்தச் சத்தம். கனமான இரை இந்த நீரோட்டத்துக்குச் சற்றுப் பின்தங்கும். கனமற்ற இறகோ தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். என் இறகு போனது. நூல் விறைத்தது. மீன் முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியபோது, பொன் கண் வெயிலில் ஒருமுறை மின்னியதைப் பார்த்தேன்.

இரண்டு கிலோ இருக்கும். அப்படியென்றால் அது அநேகமாக ஆண். கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, நாலைந்து கிலோவைத் தாண்டும் கட்டத்தில் பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. பெரிய உடம்பில்தான் இலட்சக்கணக்கான முட்டைகளுக்கு இடம் உண்டு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் இந்த மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்துக் குஞ்சு எடுத்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ஆணையும் பெண்ணையும் ஒரே வயதில் தேட முடியாத மீனுக்கு ஜோடி சேர்ப்பது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்று எண்ணிப் பாருங்கள்.

கொக்கியின் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்தேன். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் கழற்றி, ஓட்டத்தைப் பார்த்து முகம் இருக்கும்படி பிடித்தேன். செவுள் நாலைந்து முறை விரிந்து மூடியது. வால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கலங்கலுக்குள் போனது. நல்ல விலைக்குப் போகிற மீன். வலைக்காரர் ஒரு நிமிடம் அந்த இடத்தையே பார்த்துவிட்டு, "பெருசாகி வரட்டும்" என்றார்.

இதை எழுதுவதற்கு மீனைக் காட்டிலும் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு, "தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது" என்பது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காகக் காத்திருந்த அறுபது ஆண்டுகளில் அந்த வார்த்தை மேடைதோறும் ஒலித்தது. போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போன காட்டில் நின்று அதைச் சொன்னவர்களின் வேதனை எனக்கும் சொந்தம். 2024 ஆகஸ்ட் 17 அன்று திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். ஆறாவது நிலையம் அன்னூரில். குழாயில் தண்ணீர் வந்த அன்று குளத்தைப் பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். நொடிக்கு 250 கன அடி, எழுபது நாள். கணக்குப் போட்டால் ஒன்றரை டி.எம்.சி. வெள்ளக் காலத்தில் காவிரி சில நாட்களில் கடலுக்குக் கொடுப்பதில் இது சிறு பங்கு. எங்களுக்கு அது உயிர். அதை எடுக்க வேண்டும்.

ஆனால் 'வீண்' என்ற சொல்லை மட்டும் நான் இப்போது பயன்படுத்துவதில்லை. கடலுக்குப் போகும் தண்ணீர்தான் உப்பைத் தள்ளி இறாலைக் கிளப்புகிறது, முகத்துவாரத்து மணலை அறுத்து வாசலைத் திறந்து வைக்கிறது, அலையாத்திக்கு வண்டல் கொண்டுவருகிறது, கொள்ளிடக் கரைக் கிணறுகளில் கடல் ஏறாமல் தடுக்கிறது. வரவிடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் காவிரியிலேயே சாட்சி இருந்தது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் உல்லம் மீன் ஒரு காலத்தில் முட்டையிடக் கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்தது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை எழுந்தது, 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. வெள்ளமும் வழியும் குறைய, உல்லம் குறைந்தது. ஈரோட்டுப் பக்கம் இன்று யாரிடம் கேட்டாலும் அந்தப் பெயரே தெரிவதில்லை.

பொழுது சாய ஏத்தம் திரும்பியது. கோடு மெல்ல உள்ளே நகர, நாங்கள் நின்ற திட்டு மூழ்கத் தொடங்கியது. படகில் ஏறி உட்கார்ந்ததும் வலைக்காரர் கையை விட்டுக் கலங்கல் தண்ணீரை அளைந்துகொண்டே கேட்டார்.

"உங்க ஊருல நல்ல மழையா தம்பி? நிறம் அந்தப் பக்கத்து மண்ணு மாதிரி இருக்குதே."

வீட்டுக்குப் பேசினேன். முந்தின வாரம் இரண்டு நாள் விடாமல் பெய்ததாகவும், குளத்தில் கலிங்கு வழிந்ததாகவும் சொன்னார்கள்.